காவியத்தில் யாருக்கும் நாக்கு குழறுவதில்லை

பழைய இலக்கியத்தில் துன்பப்படுகிறவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். நாட்டை இழந்த அரசன் பேசுகிறான். போர்க்களத்தில் மகனைக் கொடுத்த தாய் பேசுகிறாள். பொருள் தேடப் போனவனை நினைத்து இளைத்துப் போனவள் பேசுகிறாள், அவள் பேசாவிட்டால் அவளுக்காகத் தோழி பேசுகிறாள். அம்பு தைத்து மண்ணில் கிடப்பவன்கூட எதுகை மோனை பிசகாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுத்துப் படித்தவள் நான். அப்போதெல்லாம் இது எனக்கு வினோதமாகப் படவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, அவருடைய பேச்சு முழுவதும் ‘இல்ல’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிய பிறகுதான் பட்டது.

அவர் வாய் ஓயாத மனிதர். தொழிற்சாலை பஸ் ஓட்டினார். தீவில் ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார், வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றி வருவார். நானும் அந்த பஸ்ஸில் போனவள்தான். மின்னணுப் பலகைகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை கண்டுபிடித்துப் பழகியவள், இப்போது வீட்டில் இனாமாகச் செய்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவு இருந்ததில்லை. பாதிச் சத்தம் பேச்சு, மீதி சாப்பாடு. பசாரில் எந்தக் கிழமை எந்தக் கடையில் மீன் வாங்கலாம் என்று அவருக்குத் திட்டமான கருத்து உண்டு. டுரியான் பழக் காலம் வந்தால் பாலிக் புலாவ் தோட்டங்களுக்குப் போகாமல் இருக்க மாட்டார்; போய், முகர்ந்து, பேரம் பேசி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எனக்கும் ஒன்று கொண்டுவருவார்.

என் புத்தகங்களை அவர் தொட்டதில்லை. நான் வாய்விட்டுப் படித்தால் மட்டும் காது கொடுப்பார். ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு, "ஒங்காளுங்க அழுவுறதகூட மேக்கப் போட்டுக்கிட்டுத்தான் அழுவுறாங்க லா" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது யோசித்தால் அதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை வாசகர் வட்டத்தில்கூட நான் கேட்டதில்லை.

பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போதுதான் விழுந்தார். உயிர் பிழைத்தார். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு போயிற்று. அதோடு விழுங்கும் சக்தியும் போயிற்று. வாய் வழியாக எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி, மருத்துவமனையில் மூக்கு வழியாக வயிறுவரை ஒரு குழாயைச் செருகினார்கள். டின்னில் வரும் சத்து மாவைத் தண்ணீரில் கரைத்தால் பால் மாதிரி ஆகும். அதைப் பெரிய ஊசிக்குழலில் ஊற்றி, குழாயோடு இணைத்து, கையை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். தாதியை இங்கே மிசி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மிசிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். மணம் கிடையாது, சுவை கிடையாது, மெல்ல வேண்டியது கிடையாது. ஏப்பம் மட்டும் வரும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒருவர் வந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண், பொறுமைசாலி. தாய்மொழியில் கேட்டால்தான் சரியாகத் தெரியும் என்று, அவர் மலாயில் கேட்பதை என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகள்தான். இது உங்கள் வீடா? "இல்ல." சரி. நீங்கள் பெண்ணா? "இல்ல." அதுவும் சரி. நீங்கள் ஆணா என்று கேட்டதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் இல்லை என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டார். எனக்கு மட்டும் அது பதிலாகத்தான் பட்டது, ஆனால் சொல்லவில்லை. அடுத்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கச் சொன்னார். காலை நேரம். நான் கேட்டேன்: "பசியாறிட்டீங்களா?"

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு நாங்கள் இங்கே சொல்லும் சொல் பசியாறுவது. இட்லி சாப்பிட்டாலும் பசியாறுவதுதான், ரொட்டி சானாய் சாப்பிட்டாலும் பசியாறுவதுதான், பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துத் தின்றாலும் அதேதான். காலையில் தமிழர் ஒருவரைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறோமோ இல்லையோ, இதைக் கேட்டுவிடுவோம். பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீன அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார், எதிர்வீட்டு மலாய்க்காரர் சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் கேட்பார். கேட்கிறவரும் யோசிப்பதில்லை, பதில் சொல்கிறவரும் யோசிப்பதில்லை.

அவர் யோசித்தார் போலிருக்கிறது. "இல்ல" என்றார். சற்று முன்புதான் நானே குழாயில் பால் ஊற்றியிருந்தேன், கட்டில் காலில் தொங்கிய அட்டையிலும் அது எழுதியிருந்தது. அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இப்படி ஆனவர்களுக்கு ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்வது உண்டு, எதைக் கேட்டாலும் அதுவே வரும், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விளக்கினார். டாக்டரும் அதையே சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிறகு வீட்டில் அந்த ‘இல்ல’ என் காதில் விழும், அவ்வளவுதான். தூங்கினீர்களா? இல்ல. வலி குறைந்திருக்கிறதா? இல்ல. நல்லா இருக்கீங்களா அண்ணே என்று யாராவது வந்து கேட்பார்கள். இல்ல. வந்தவர்கள் சங்கடத்தோடு என்னைப் பார்ப்பார்கள். நான் அவருக்குப் பதிலாகச் சொல்வேன்: தூங்கினார், வலி தேவலை, பசியாறிவிட்டார், நல்லா இருக்கார். இப்போது அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த அறையில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

அந்த நாட்களில் எனக்கு இலக்கியத்தின் மேல் கடுங்கோபம் இருந்தது. கையில் ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேறு வேலை இல்லை, மனம் மனப்பாடம் செய்ததையெல்லாம் புரட்டும். வளை கழன்று விழும் அளவுக்கு இளைத்தவளை எத்தனை பேர் பாடியிருக்கிறார்கள். அவளைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தவள் யார் என்று ஒருவரும் பாடவில்லை. எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள், ஒருவருக்கும் சளி வருவதில்லை. பூமாலை வாடுகிறது, நிலா சுடுகிறது, படுக்கை விரிப்பை மட்டும் யாரும் துவைப்பதில்லை. துன்பம் வந்தால் ஊரே நின்று கேட்கிறது. என் வீட்டில் துன்பம் ஒரு வேலைப் பட்டியலாக இருந்தது, மின்தூக்கி பழுதானால் பட்டியல் இன்னும் நீளும். புலவர்கள் யாராவது ஒரு வாரம் வந்து பாம்பர்ஸ் மாற்றிவிட்டுப் பிறகு எழுதட்டும் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரொம்ப நாளாக வெளியே போகாததால் எனக்கு மூளை குழம்புகிறது என்று நினைத்தாள்.

நாத்தனார் என்பது அவருடைய தங்கை. எங்கள் கட்டடத்திலேயே கீழ் மாடியில் இருந்தாள். அண்ணனைத் தகப்பன் மாதிரி நினைத்தவள். அவள்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்துக்குத் திரும்பப் போகச் சொன்னாள். ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி, போய் நாலு மனிதர்களைப் பாருங்கள் என்று விரட்டினாள். அவள் சொல்கிறாளே என்றுதான் போனேன், ஆசைப்பட்டுப் போகவில்லை.

வாசகர் வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் மேல்மாடி அறை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், பாட்டுக் கேட்பதில் ஆசை உள்ளவர், அறையைச் சும்மா கொடுத்திருந்தார். ஆறேழு பேர் வருவோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பாட்டைப் படித்துப் பொருள் சொல்வார், அவரை எல்லோரும் சார் என்போம். கீழே குழம்பு கொதிக்கும் மணம் தரைப் பலகை இடுக்கு வழியாக ஏறிவரும். பசியைப் பற்றிய பாட்டைப் படிக்க அதைவிடப் பொருத்தமில்லாத இடம் இந்தத் தீவில் கிடையாது.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது வறுமைப் பாட்டுகள். பாணனோ புலவனோ ஒரு வள்ளலைத் தேடிப் போய்த் தன் வீட்டு நிலையைச் சொல்லுவான்: அடுப்பு மூட்டவில்லை, பிள்ளை அழுகிறது, மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு நடை இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது. நான் ஓரமாக உட்கார்ந்து, இதிலும் ஒருவன் எவ்வளவு சரளமாகப் பேசுகிறான் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டார் பசியாறாமல் கிடக்கிறார்கள் என்று சார் பொருள் சொன்னார்.

புதிதாக வரத் தொடங்கியிருந்த ஒரு பெண், தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவள், கையைத் தூக்கினாள். சந்தேகத்தை மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், அப்ப காலையில மட்டுந்தான் சாப்பிடலயா? மத்தியானம் சாப்பிட்டாங்கதானே?"

அறை குலுங்கிச் சிரித்தது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் புரிந்துகொண்டு சேர்ந்து சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அந்தச் சொல் முதலில் காலை ரொட்டியாகத்தான் காதில் விழும். சார் சிரித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். நாம்தான் அதைச் சாப்பிடுவது என்று ஆக்கிவிட்டோம். அது சாப்பிடுவதைப் பற்றிய சொல்லே இல்லை. புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, மனசு ஆறுகிறது. பசியும் அந்த மாதிரி எரிகிற ஒன்று, அது ஆற வேண்டும். ஒருவன் சாப்பிட்டிருப்பான், பசி ஆறியிருக்காது. இரண்டும் வேறு.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சார் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். நான் அந்த மருத்துவமனைக் காலையிலேயே நின்றிருந்தேன். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கத்தான் அந்த மலாய்ப் பெண் சொன்னார். நான் கேட்டது வேறு கேள்வி. பசி ஆறிவிட்டதா என்று கேட்டேன். ஆறவில்லை என்றார். ஒரு முழுத் தமிழன் சொல்லக்கூடிய மிகச் சரியான பதிலை அவர் சொல்ல, அவருக்குத் தமிழே புரியவில்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டோம்.

பாதியில் எழுந்து வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து, இது வெறும் சொல் விளையாட்டு, இலக்கியம் படித்ததால் வந்த வினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் மத்தியானப் பாலை ஊற்றி முடித்துக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"பசிக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. நேரம் பிடித்தது. "ஆமா" என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் ஆமாம் அதுதான். நாத்தனார் ஈரக் கையோடு வந்து நின்று, இப்போதுதானே ஊற்றினேன் என்றாள். நான் அவளைக் கவனிக்கவில்லை. என் வேலைப் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒரு பலகை சரியாக இருக்கிறது என்று ஒரே சோதனையில் சொல்லக் கூடாது, திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். கால் வலிக்கிறதா என்றேன். இல்ல. கை வலிக்கிறதா? ஆமா. காற்றாடியை நிறுத்தவா? இல்ல. இவள் உங்கள் அக்காவா? இல்ல. தங்கையா? ஆமா. நான் பேசுவது புரிகிறதா என்றேன். ஆமா என்றார், இவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறாயே என்ற முகத்தோடு. நான் அழுதேன். சந்தோஷம் என்று மட்டும் சொன்னால் அது பொய். கோபமும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சளியும் வந்தது.

உணவு நிபுணரிடம் போய்ச் சொன்னேன். எடை போட்டுப் பார்த்தார்கள், நன்றாகக் குறைந்திருந்தது. பாலின் அளவைக் கூட்டினார்கள். சில நாள் கழித்து, பசிக்கிறதா என்று கேட்டேன். இல்ல என்றார். அந்த ‘இல்ல’வை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் சோறு கொதிக்கும்போது அவர் தலை அடுப்படிப் பக்கம் திரும்புவதையும், நான் அவருக்குத் தெரியாமல் சாப்பிடச் சமையலறைக் கதவைச் சாத்துவதையும் இரண்டு பேரும் அறிந்திருந்தோம். வாயில சாப்பிடணும்னு இருக்கா என்று கேட்டேன். முன்பெல்லாம் பதில் வர எடுக்கும் நேரம்கூட எடுக்காமல் ஆமா என்றார்.

விழுங்கும் சக்தி திரும்பியிருக்கிறதா என்று மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்தார்கள். தொண்டைக்குள் இறங்குவதைப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, கெட்டியாக்கிய திரவத்தை ஒரு கரண்டி கொடுத்தார்கள். பாதி சரியான வழியில் போயிற்று, பாதி போகவில்லை. இருமல்கூட உடனே வரவில்லை, அதுதான் மோசம் என்றார்கள்.

டாக்டர் ஒரு சீனப் பெண், நேராகப் பேசுகிறவர். இரண்டு வழிகள் சொன்னார். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு அங்கே நிரந்தரமாகக் குழாய் வைக்கலாம். அது பாதுகாப்பு, ஆனால் வாயில் எதுவும் கூடாது. அல்லது ஆபத்து தெரிந்தே வாய் வழியாகக் கொடுக்கலாம்: கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. அப்படிச் செய்தால் என்றைக்காவது நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் வரும். ஒருமுறை தப்பலாம், அடுத்த முறை தப்பாமலும் போகலாம். என்னைக் கேட்டால் முதல் வழியைத்தான் சொல்வேன் என்றார். நானும் முதல் வழியைத்தான் நினைத்திருந்தேன். எனக்கு அவர் வேண்டும். பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் வேண்டும்.

"அவரையே கேக்கலாமா?" என்று என்னை அறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு டாக்டருக்கு அதை மலாயில் சொன்னேன். கேளுங்கள், அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நாத்தனார் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். வயிற்றில் துளை போடட்டுமா என்றேன். இல்ல. சரியாகக் கேட்கவில்லையோ என்று, வேண்டாமா என்று மாற்றிக் கேட்டேன். ஆமா. வாயில் சாப்பிட வேண்டுமா? ஆமா. அதற்குப் பிறகுதான் கடைசிக் கேள்வி. அதை எப்படிக் கேட்பது என்று எந்தப் பாட்டிலும் எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

"பொர ஏறி உசுருக்கு ஆபத்துன்னாலும் பரவால்லயாங்க?"

என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "ஆமா."

நாத்தனார் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "அண்ணி, அவருக்குப் புரியலன்னு சொல்லிருங்க. மொதல்ல டாக்டரே அப்படித்தானே சொன்னாங்க. யாரும் ஒங்கள கேக்க மாட்டாங்க."

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள். புரியவில்லை என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள், நான் தலையை ஆட்டினால் போதும். துளை போடுவார்கள், அவர் இருப்பார், நானும் குற்றமில்லாமல் இருப்பேன். அவருக்கு மறுத்துச் சொல்ல ஒரே ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். தோழி கூற்று என்று இலக்கணத்தில் படித்திருக்கிறேன். தலைவியின் துன்பத்தைத் தோழி எடுத்துச் சொல்வது. அவள் சொன்னது சரிதானா என்று தலைவியைக் கேட்டுப் பார்த்தவர் உண்டா என்று எனக்குத் தெரியாது. பழைய பாட்டுகளில் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்களே என்று நான் பொருமியது அந்த வராந்தாவில் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் அப்படிப் பேசியிருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் இருந்த எவரோ, குழறலையும் முனகலையும் கேட்டு, இவன் சொல்ல வந்தது இதுதான் என்று பொறுப்பெடுத்து எழுதியிருக்கிறார்கள். அலங்காரமாக எழுதினார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் அவனுக்குப் புரியவில்லை என்று எழுதித் தப்பித்துப் போகவில்லை.

டாக்டர் திரும்பி வந்து, அவர் பதில் நம்பத்தகுந்ததா என்று என்னைக் கேட்டார். ஒரே வாக்கியத்தில் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாம் புரிகிறது, அவர் வாயில் சாப்பிட விரும்புகிறார் என்று சொன்னேன். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அது வேறு என்றேன்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். நாத்தனார் கொஞ்ச நாள் மேலே வரவில்லை. அவளை நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்கே அவள் பக்கம் சேர்ந்துகொள்ள ஆசையாக இருந்தது.

முதல் நாள் காலை கஞ்சி வைத்தேன். மீனை ஆவியில் வேகவைத்து, முள் பார்த்து, மசித்துக் கலந்தேன். கெட்டியாக்கும் மாவைத் தூவி, கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அவரை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, சொல்லிக்கொடுத்தபடி தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொன்னேன். இத்தனை வருஷம் சோறு போட்ட கைதான், ஆனால் சாப்பாடு கொடுக்க இப்படிப் பயந்ததில்லை. முதல் கரண்டி போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் இருமினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, நெஞ்சு அதிர இருமினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே, போதும் போதும் என்று சொன்னேன். அவருக்குச் சொன்னேனா, எனக்குச் சொல்லிக்கொண்டேனா தெரியாது.

இருமல் நின்றது. மூச்சு சீரானது. அவர் வாயைத் துடைக்கக்கூட விடவில்லை. தாடையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, என் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் கிண்ணத்தை எடுத்தேன்.